கைப்பிடி அரிசி

பள்ளிகொண்டா என்று சொன்னதும் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது இரண்டில் ஒன்று. சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் செல்கிறவர்களுக்கு அது ஒரு சுங்கச்சாவடி. பக்தர்களுக்கோ, பாலாற்றங்கரையில் பாம்பணைமேல் துயிலும் உத்தர ரங்கநாதரின் திருத்தலம்; பெருமாள் பள்ளிகொண்டதால் ஊருக்கே அப்பெயர். எங்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. வேலூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் பேருந்தை விட்டிறங்கி, வயல்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நடந்தால் வருகிற ஒரு சிற்றூர். அதன் கடைசித் தெருவில் நாட்டு ஓடு வேய்ந்த ஒரு சின்ன ஆலயம். அதன் பக்கவாட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த உபதேசியார் வீடு. அந்த வீட்டில் எங்கள் தாத்தாவும் ஆயாவும் வாழ்ந்தார்கள். (பாட்டியை ஆயா என்றழைப்பது வட ஆற்காட்டு வழக்கம். குழந்தை பார்த்துக்கொள்ளும் ஆயா என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.)

'எங்கள்' என்பது அக்கா, தம்பி, இருவருக்கும் இடையில் பிறந்தவர் ஆகிய மூவரையும் குறிக்கும். இது மூவரின் நினைவுகளையும் ஒட்டுப்போட்டு எழுதப்படுவதால் பன்மையிலேயே எழுதிச் செல்கிறோம்.

எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். சில மாதங்களுக்கு முன் இலக்கிய நண்பர்கள் கூடியிருந்த ஓர் அவையில் கிராமத்துக் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நண்பர் ஒருவர், நல்ல வாசகர், யாரையும் புண்படுத்தும் எண்ணமில்லாமலேயே, "அவங்கெல்லாம் அரிசிக்கு மாறினவங்கதானே" என்றார். ஒரு கணம் மௌனம் நிலவியது. பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. எங்களுக்கு அந்த இடத்திலிருந்து நகர முடியவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டோம். அரிசி என்ற சொல் எங்களுக்குள் வேறொன்றை எழுப்பிவிட்டிருந்தது. எங்கள் ஊரில் அரிசிக்கும் ஆலயத்துக்கும் உறவு உண்டுதான். ஆனால் அந்த அரிசி எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.

முதலில், நண்பரின் கூற்றில் உள்ள உண்மையை ஒதுக்காமல் பார்க்கலாம். இந்தப் பகுதியின் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் வேர், 1853 இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனில் இருக்கிறது. தாது வருடப் பஞ்சம் என்று நாட்டுப்புறம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் 1876–78 பெரும்பஞ்சம் அடுத்த கால் நூற்றாண்டுக்குள் வந்தது. தென்னகமெங்கும் கஞ்சித் தொட்டிகளின் முன் எலும்புக்கூடுகள் வரிசையில் நின்ற காலம் அது. பஞ்சத்தின்போதும் பஞ்சம் முடிந்த கையோடும் பல ஊர்களில் தெருத்தெருவாக மக்கள் சபைகளில் சேர்ந்தார்கள். வந்தவர்கள் நம்பிக்கையால் வந்தார்களா, பசியால் வந்தார்களா என்ற ஐயம் அன்றைய மிஷனரிகளிடமே இருந்தது. பசியால் ஒருவன் ஒரு கதவைத் தட்டினால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது எங்கள் கேள்வி. தட்டப்படாத கதவுகளுக்குச் சொந்தக்காரர்கள்தாம் வெட்கப்பட வேண்டியவர்கள்.

அந்தப் பஞ்சத்தில் ஒரு சிறுமி, பசியால் நகரவும் முடியாதிருந்த குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள் என்று சொல்வார்கள். 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர்தான் அந்தச் சிறுமி. இந்தியாவே வேண்டாம் என்று நினைத்துப் போனவர், மருத்துவராகத் திரும்பி வந்து 1900 இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்தக் கதையை உலகம் அறியும். ஊட்டிய கையின் கதை எழுதப்பட்டுவிட்டது. உண்ட வாய்கள் அதன் பிறகு என்ன செய்தன என்பதை எவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

உண்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மதமாற்றம் எதைக் கொடுத்தது என்பதற்கு அரசாணை ஒன்றே சாட்சி. 1950 ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின்படி, இந்து மதத்தைச் சேராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். 1956 இல் சீக்கியர்களுக்கும் 1990 இல் பௌத்தர்களுக்கும் அந்த வாசல் திறக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்குத் திறக்கப்படவில்லை, தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். ஒரே தெரு, ஒரே கிணறு, ஒரே தொழில், ஊராரிடம் ஒரே வசை. ஆனால் அடுத்தடுத்த இரு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு, மற்றவனுக்குக் கிடையாது. தாத்தா தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது, "கிறிஸ்தவர்னே எழுதுங்க சார்" என்று தலைமையாசிரியரிடம் சொன்னாராம். எழுதும் கை தயங்கியதாம். அரிசிக்காக மாறியவர்கள் என்றால், கணக்குத் தெரியாதவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி அந்த அரிசி.

எங்கள் ஊர்ச் சபையில் நாற்பது வீடுகள். ஒவ்வொரு வீட்டின் அடுப்படியிலும் சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலைக்கு அரிசி அளந்து போடும்போது, போடுவதற்கு முன் வீட்டுப்பெண் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் இடுவாள். இட்டபின்தான் மீதி அரிசி உலைக்குப் போகும். முன்னால் எடுக்க வேண்டும் என்பதுதான் விதி. சமைத்து மிஞ்சியதைக் கொடுப்பது காணிக்கையாகாது. சனிக்கிழமை மாலை கலயங்கள் எல்லாம் உபதேசியார் வீட்டுக்கு வந்துவிடும். அங்கே பெரிய தகர டின் ஒன்றில் எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகக் கொட்டப்படும். பொன்னியும் மோட்டா அரிசியும் ரேஷன் அரிசியும் கலந்த அந்த டின்னைத் திறந்தால் வருகிற மணம் எங்கள் மூவருக்கும் இன்றளவும் ஆலயத்தின் மணம். மெழுகுவத்தியோ சாம்பிராணியோ அல்ல, அரிசித் தவிடு.

ஒரு பிடி ஐம்பது கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வீடுகளுக்கு நாளொன்றுக்கு 2 கிலோ. ஆண்டுக்கு 730 கிலோ. உலை வைக்காத நாள்களையும், கைமறதியையும் கழித்தாலும் அரை டன்னுக்குக் குறையாது. சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்களின் விளைச்சல் அது. மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அரிசி ஏலம் விடப்படும். அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவற்கோழியும் முதற்காய் வாழைத்தாரும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பணத்தில் குருசேகரத்துக்குப் போகும் பங்கு ஒன்று. விளக்குக்கும் வெள்ளையடிப்புக்கும் ஒன்று. உபதேசியார் சம்பளத்தில் ஊர் தர வேண்டிய பகுதி ஒன்று. ஆகவே, எங்கள் தாத்தா உண்டதும் அந்தப் பிடியரிசிதான்.

குருசேகரம் என்றால் பல ஊர்ச் சபைகள் சேர்ந்த தொகுதி. அத்தனை ஊர்களுக்கும் குருப்பட்டம் பெற்ற ஆயர் ஒருவரே. அவர் எங்கள் ஊருக்கு வருவது மாதம் ஒரு ஞாயிறு. திருவிருந்தும் ஞானஸ்நானமும் அவர் கையால்தான் நடக்க வேண்டும். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானதும், 1976 இல் வேலூர் தனிப் பேராயமானதும் ஆவணங்களில் பதிவானவை. ஊரில் பதிவானது வேறு. மாதத்தின் மற்ற நாள்களில் மணியடித்தவர், மாலை ஜெபம் நடத்தியவர், பிரசவ வலியெடுத்த பெண்ணுக்கு மாட்டுவண்டி தேடியவர், அதிகாரிகளுக்கு மனு எழுதியவர், குடித்துவிட்டு மனைவியை அடித்தவனை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டவர், குழி தோண்டும்போது கூடவே நின்றவர் உபதேசியார். மணி என்று சொன்னோம். அது உண்மையில் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. தாத்தா இரும்புக் கம்பியால் அதைத் தட்டும் ஓசை அடுத்த ஊர்வரை கேட்கும். ஆயர் வெளியூர் விருந்தினர். உபதேசியார் வீட்டு மனிதர். விருந்தினருக்கு நாற்காலியும் வீட்டு மனிதருக்குத் திண்ணையும் என்பது எல்லா இடத்திலும் உள்ள நியாயம்தானே.

விடுமுறை விட்டால் எங்களைக் கொண்டுவந்து அந்தத் திண்ணையில் விட்டுவிடுவார்கள். பகலெல்லாம் ஆயா வயலுக்குப் போயிருப்பார். தாத்தா ஊர் சுற்றப் போயிருப்பார். வீட்டில் நாங்களும் தகர டின்னும் மட்டும். தெருமுனைப் பெட்டிக்கடையில் காசுக்குப் பதில் அரிசியையும் வாங்கிக்கொள்வார்கள். ஓர் ஆழாக்கு அரிசிக்கு மூன்று கமர்கட்டு. முதல் தடவை அக்கா தயங்கினாள். "இது யேசுசாமி அரிசி" என்றாள். தம்பி, "யேசுசாமிக்குப் பசிக்காது" என்றான். அப்போது அவனுக்கு வயது ஆறு. அதற்கு மேல் இறையியல் விவாதம் நடக்கவில்லை.

1996 ஆம் ஆண்டுக்கு வருகிறோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் அவ்வாண்டு ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றைப் பாழாக்கிய தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்புக்கு வழி செய்யாதவை மூடப்பட வேண்டும். சூழலியல் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிற தீர்ப்பு. அது நியாயமான தீர்ப்பு என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். 2025 ஜனவரி 30 அன்றும் இதே ஆற்றுக்காக உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பெழுத நேர்ந்தது என்றால், கேடு எவ்வளவு ஆழமானது என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு தீர்ப்பு இறங்கும்போது யார் தலையில் முதலில் இறங்குகிறது என்பது வேறு செய்தி. எங்கள் தெரு ஆண்களில் பாதிப்பேர் தோல் ஷாப்பில்தான் வேலை செய்தார்கள். சுண்ணாம்புக் குழியில் முழங்கால்வரை இறங்கி நின்று ஊறிய தோலைப் புரட்டும் வேலை. உள்ளங்கை வெளுத்து, நகக்கண் வெடித்திருக்கும். தேய்த்துத் தேய்த்துக் குளித்தாலும் உடம்பிலிருந்து நாற்றம் போகாததால், ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் போய் உட்காரும் ஆண்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெரிய முதலாளிகள் சமாளித்தார்கள். எங்கள் ஆட்கள் வேலை செய்த சிறு ஷாப்புகள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டன. தினக்கூலிக்காரர்களுக்கு எந்தக் கணக்கும் தீர்க்கப்படவில்லை. ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. வயல் வேலையும் இல்லை.

அந்த ஆண்டு ஆலயத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஓடு மாற்றுவதற்காகவே நான்கு மாதங்களாகப் பிடியரிசியை ஏலம் விடாமல் சேர்த்து வைத்திருந்தார்கள். டின் நிறைந்து, கூடவே மூன்று கோணிகளும் நின்றன. சபைக் கமிட்டி கூடியது. கமிட்டியில் அனைவரும் ஆண்கள். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வாசற்படியில். நாங்கள் பெண்களின் மடியிலும் முதுகிலும். அரிசியை விற்றுக் கூரையைச் செப்பனிடுவது என்று தீர்மானம் எழுதத் தாத்தா பேனாவைத் திறந்தார். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. கணவனை இழந்து, நாற்று நட்டுப் பிழைத்த ஒரு பெண்மணி.

"கூர ஒழுவுனா நனைஞ்சிக்கினே ஜெபம் பண்ணலாம் உபதேசியாரே. வயிறு காஞ்சா இன்னா பண்றது?"

உள்ளே யாரும் பேசவில்லை. தாத்தா பேனாவை மூடினார். வேலையிழந்த வீடுகளுக்கு அரிசியைப் பகிர்ந்து கொடுப்பது என்று பேச்சு திரும்பியது. அதில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. எதிர்ப்பு அடுத்த கேள்வியில் எழுந்தது. தெருவில் சபையைச் சேராத பதினான்கு வீடுகள் இருந்தன. அதே சாதி, அதே சொந்தபந்தம். ஒருவர் தாத்தாவுக்கு மாமன் முறைகூட ஆகவேண்டும். அவர்களும் அதே சுண்ணாம்புக் குழியில் நின்றவர்கள்தாம். அவர்களுக்கும் கொடுப்பதா?

கமிட்டியில் ஒருவர் சொன்னார்: "அவங்க ஒரு நாளாவது ஒரு பிடி போட்டிருக்காங்களா?" அது நியாயமான கேள்வியாகத்தான் தோன்றியது. இன்னொருவரின் அச்சம் வேறு: "குடுத்தா, சோத்தக் காட்டி ஆள் சேக்கறாங்கன்னு ஊர்ல பேசுவான். நாளைக்கு போலீஸ்ல எழுதிக் குடுப்பான்." தாத்தா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாள் முழுதும் அஞ்சியது அந்த ஒரு சொல்லுக்குத்தான். நூறாண்டுகளுக்கு மேலாக வாலில் கட்டிய தகரம் போல எங்கள் பின்னால் சத்தமிட்டுக்கொண்டு வருகிற சொல்.

அப்போதுதான் ஆயா பேசினார். கமிட்டி நடக்கும்போது ஆயா வாய்திறந்து நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அவங்க போடலன்னு யாரு சொன்னா? சனிக்கெழம நம்ம பொண்ணுங்க எடுத்தாற கலயத்துல எத்தினி கலயம் ரெண்டு வீட்டுதுன்னு எனக்குத் தெரியும். புள்ள ராவுல இங்கதான் உக்காந்து படிக்குதுன்னு அவங்களும் ஒரு பிடி அள்ளிக் குடுத்து விடுறாங்க. ஆடி மாசம் அவங்க கூழு ஊத்தும்போது நம்ம வூட்டுக் கேவுரு போவுதா இல்லியா? அதையும் சொல்லட்டுமா?"

இதன் கனம் வாசகர்களுக்குப் புரிய வேண்டும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற கேழ்வரகு கொடுப்பது சபை ஒழுங்கின்படி குற்றம். திருவிருந்திலிருந்து விலக்கி வைக்கலாம். அந்த ஒழுங்கைக் காக்க வேண்டியவர் உபதேசியார். உபதேசியாரின் மனைவியே, கமிட்டியின் முன்னால், பெயர் சொல்லாமல் பாதித் தெருவையும் காட்டிக்கொடுத்துவிட்டார். தம் வீட்டையும் சேர்த்துத்தான் என்பது 'நம்ம வூட்டு' என்ற சொல்லில் இருந்தது. ஆண்கள் பாயைப் பார்த்தார்கள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாத்தா நெடுநேரம் கழித்து, "இப்ப சொன்னது எதுவும் நோட்டுல ஏறாது" என்றார். பிறகு கோணியை அவிழ்க்கச் சொன்னார்.

நிபந்தனைகளையும் ஆயாதான் வகுத்தார். இருட்டிய பிறகுதான் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் வாசலில் நின்று பேசக் கூடாது. முக்கியமாக, ஜெபம் பண்ணக் கூடாது. "ஜெபத்த நம்ம வூட்ல பண்ணிக்கலாம். அரிசிகூட சேத்து அனுப்ப வாணாம்." ஊழியத்தில் முப்பதாண்டுகளைக் கடந்த ஒருவரிடம் இப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று இன்று வியக்கிறோம். தாத்தா அதற்கும் தலையாட்டினார். அன்றிரவு முதல் ஐந்தாறு இரவுகள், தூற்றலில் கோணிச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, அளந்து கட்டிய அரிசிப் பைகளை நாங்கள் மூவரும் வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தோம். ஐம்பத்து நான்கு வீடுகள். சபை வீடு எது, சபையில்லாத வீடு எது என்று இருட்டில் தெரியவில்லை.

அளக்கும்போதுதான் எங்கள் குட்டு உடைந்தது. சனிக்கிழமைதோறும் டின்னில் விழுந்த அரிசியைத் தாத்தா நோட்டில் எழுதி வைத்திருந்தார். கணக்குப்படி இருக்க வேண்டியதில் இரண்டு படி குறைந்தது. தாத்தா மறுபடி அளந்தார். மறுபடியும் இரண்டு படி. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கின் அருகே நோட்டை வைத்துக்கொண்டு நிதானமாக எழுதினார். அடுத்த நாள் அவர் வெளியே போனதும் திறந்து பார்த்தோம். தெளிவான கையெழுத்தில் இருந்தது: 'குறைவு 2 படி. காரணம்: எலி. எண்ணிக்கை: 3.'

அடித்திருந்தால் மறந்திருப்போம்.

கூரை அந்த ஆண்டு மாறவில்லை. அடுத்த ஆண்டும் மாறவில்லை. அம்மாதம் ஆயர் வந்தபோது நல்ல மழை. அவர் எல்லாவற்றையும் கேட்டறிந்தார் என்பது தெரியும். கேழ்வரகு விஷயம் அவர் காதுக்குப் போயிற்றா என்பது தெரியாது. திருவிருந்து மேசையின்மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. அவர் யாரையும் கூப்பிடாமல் தாமே மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். தாத்தா மறுமுனையைப் பிடித்தார். நனையாத மூலைக்கு மேசையை நகர்த்தி வைத்துவிட்டு ஆராதனையைத் தொடர்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவர் பேர் சொன்னால் எங்கள் தெருவில் இன்றும் கிழவிகள் எழுந்து நிற்பார்கள்.

பிடியரிசி எங்கள் கண்டுபிடிப்பல்ல என்பதைப் பின்னாளில் படித்தறிந்தோம். மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் இதையே ஒரு பேரியக்கமாக நடத்தி வருகிறார்கள். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி பிடியரிசித் திட்டம் ஒன்றை இல்லந்தோறும் வலியுறுத்தியிருக்கிறார். இன்னும் பின்னோக்கிப் போனால், மணிமேகலை அமுதசுரபியோடு வறட்சியுற்ற காஞ்சிக்கு வந்து எல்லா உயிருக்கும் உணவளித்த கதை இருக்கிறது. பாலாற்று நாட்டுக்கு அட்சய பாத்திரம் புதிதல்ல. ஒன்றை மட்டும் நாங்கள் சேர்த்துச் சொல்வோம். அமுதசுரபி தெய்வம் தந்த பாத்திரம். அள்ள அள்ளக் குறையாது. எங்கள் ஊர்க் கலயம் அள்ளினால் குறையும். குறையும் என்று தெரிந்தே, உலைக்கு முன்னால் ஒரு பிடி எடுத்தார்கள். அந்தப் பிடி அன்றைக்கு யாரோ ஒருவருடைய தட்டில் குறைந்தது. பெரும்பாலும் எடுத்தவளுடைய தட்டில்.

இப்போது ஊரில் ஓட்டுக் கூரை இல்லை. தளம் போட்ட புதிய ஆலயம் எழுந்திருக்கிறது. வாசலில் கருங்கல் பலகை. அதில் நன்கொடையாளர் பெயர்களும் தொகைகளும். ஆயிரம் ரூபாய்க்குக் கீழே கொடுத்தவர்களுக்குக் கல்லில் இடமில்லை என்பதால் பிடியரிசிப் பெண்கள் எவர் பெயரும் அதில் ஏறவில்லை. தண்டவாளத் துண்டுக்குப் பதில் ஒலிபெருக்கி. தெருப் பெண்களில் பலர் விடிகாலையில் ஷூ கம்பெனிப் பேருந்து ஏறி ஆம்பூர்ப் பக்கம் போகிறார்கள். கையில் மாதச் சம்பளம் இருக்கிறது. காணிக்கை உறையில் வருகிறது. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமலே கிடைப்பதால் ஒரு பிடி அரிசிக்குப் பழைய எடையும் இல்லை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. சுண்ணாம்புக் குழியில் நின்றவரின் பேத்தி மேசைமுன் உட்கார்ந்து தையல் இயந்திரம் ஓட்டுகிறாள். பட்டினியின் அருமை தெரியாமல் அவள் பிள்ளை வளர்கிறது. அதைவிட நல்ல செய்தி எது? கலயம் அடுப்படியை விட்டுப் போனதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அந்தக் கலயங்களில் எத்தனை இரண்டு வீட்டுக் கலயங்கள் என்று அறிந்த ஒருவர் இப்போது ஊரில் இருக்கிறாரா என்பதுதான் எங்கள் கவலை.

தாத்தாவும் ஆயாவும் கல்லறைத் தோட்டத்தில் அருகருகே இருக்கிறார்கள். தாத்தாவின் நோட்டு எங்களிடம் இருக்கிறது. எலிக் கணக்கு எழுதிய பக்கத்தில் தீர்ந்ததற்கான குறிப்பு எதுவும் இல்லை என்பது எங்கள் மூவரையும் ஏதோ ஒரு மூலையில் உறுத்திக்கொண்டே இருந்தது. சென்ற அறுப்பின் பண்டிகைக்கு மூவரும் சேர்ந்து போனோம். 25 கிலோ பொன்னி அரிசி மூட்டை ஒன்றை ஏலத்துக்குக் கொண்டுபோய் இறக்கினோம். அன்று வாசற்படியிலிருந்து குரல் கொடுத்த பெண்மணி இன்னும் இருக்கிறார். கண் மங்கிவிட்டது. மூட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இத்தினி?" என்றார்.

"எலி தின்ன கடன் ஒன்னு இருக்குது ஆயா" என்றோம்.

பொக்கை வாய் திறந்து நெடுநேரம் சிரித்தார். தெருவுக்கே தெரிந்த கதை போலும்.

"அத்த அப்பவே உங்க ஆயா கட்டிட்டா. அந்த மழ முடியற மட்டும் ராச்சோறு துன்னலயே அவ. ரெண்டு படி ஆனப்புறம்தான் துன்னா. உங்களுக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை.